காதின் வழியே சேரும் சொல்வளம்

தமிழ்நாட்டில் உயர்கல்வியின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47% என்று 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை தெரிவிக்கிறது. தேசிய சராசரியான 28.4 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது பெருமைக்குரிய உயரம். தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இந்த எண்ணிக்கையில் ஏராளமாக இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறார்கள். பாடநூலில் உள்ள ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல அவர்களால் முடிகிறது. அதே பத்தியை ஒருவர் இயல்பான வேகத்தில் வாசித்துக் காட்டினால் பாதிதான் புரிகிறது. வேலைக்கான நேர்காணலில் விடை தெரிந்திருந்தும், கேள்வி பிடிபடாமல் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுடைய கண்ணுக்குப் பழகிய சொற்கள் காதுக்குப் பழகவில்லை. பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த அனுபவத்தில், திறமைக் குறைவாக மற்றவர்களால் எண்ணப்படும் பல தடுமாற்றங்கள் உண்மையில் இந்தச் செவிப்பழக்கக் குறைவே என்று என்னால் சொல்ல முடியும்.

இந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லிக்கொண்டு இன்று ஒலிப்பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. செயலிகள், வலையொலிகள், கட்டண வகுப்புகள் என்று அவற்றின் வடிவங்கள் பல. பேருந்தில் போகும்போதும் சமைக்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாலே சொல்வளம் பெருகிவிடும் என்பது அவற்றின் பொதுவான வாக்குறுதி. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வணிகம் என்பதைப் பிரித்தறிவது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

கண்ணுக்கும் காதுக்கும் இடையே

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருங்கிய உறவு உண்டு. எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலியைச் சொல்லிவிடலாம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தை அணுகும் மாணவர் அங்கும் எழுத்தைக் கொண்டே ஒலியை ஊகிக்கிறார். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதும்போது 'பி' என்ற எழுத்து வருகிறது, ஒலிக்கும்போது மறைந்துவிடுகிறது. பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' என்ற சொல்லிலும் இவ்வாறே எழுதப்பட்டும் ஒலிக்காத ஓர் எழுத்து இருக்கிறது. இச்சொற்களை அச்சில் மட்டுமே சந்தித்த மாணவர் தம் மனத்தில் வேறோர் ஒலியைப் பதித்து வைத்திருப்பார். சரியான ஒலி காதில் விழும்போது, அது தமக்குத் தெரிந்த சொல்தான் என்பதே அவருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய தடை அசையழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்னும்போது அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'ஃபொடாகிரஃபி' என்னும்போது இரண்டாம் அசைக்கும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்னும்போது மூன்றாம் அசைக்கும் அது நகர்கிறது. அழுத்தம் பெறாத உயிரொலிகள் தேய்ந்துவிடுகின்றன. தமிழில் பொருளை வேறுபடுத்தும் வேலையை அழுத்தம் செய்வதில்லை. ஆகவே நம் காது அதைக் கவனிக்கப் பயிற்சி பெறுவதில்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் இந்தப் பயிற்சி கிடைக்காது; கேட்டுத்தான் பெற வேண்டும்.

சொல்லை நினைவில் நிறுத்துவதிலும் ஒலிக்கு முதன்மையான பங்கு உண்டு. பிரிட்டிஷ் உளவியலாளர்களான ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் செயல்நினைவு பற்றிய தங்கள் கோட்பாட்டை 1974-இல் முன்வைத்தார்கள். கேட்ட ஒலியைச் சில விநாடிகள் தக்கவைத்து, உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும் ஓர் 'ஒலிவளையம்' மனத்தில் செயல்படுகிறது என்பது அதன் ஒரு கூறு. புதிய சொற்களைக் கற்பதற்கான கருவியாகவே அந்த வளையம் இயங்குகிறது என்று பேட்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998-இல் வாதிட்டார்கள். தெளிவான ஒலியுருவம் இல்லாத சொல் அந்த வளையத்தில் சுழல்வதில்லை. சுழலாத சொல் நிலைப்பதும் அரிது.

நம் முன்னோர் இதைக் கோட்பாடாகச் சொல்லாவிட்டாலும் நடைமுறையில் அறிந்திருந்தார்கள். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுக்கப்பட்டிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்த நூல்களில் நிகண்டும் ஒன்று. ஒரு பொருளுக்குரிய பல சொற்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுளாகத் தொகுத்தவை நிகண்டுகள். திவாகரமும் பிங்கலமும் நூற்பாவில் அமைந்திருக்க, சூடாமணி நிகண்டை மண்டல புருடர் விருத்தத்தில் இயற்றினார். ஓசை நயத்தால் மனத்தில் எளிதில் தங்கியதால் அது பரவலாகப் பயிலப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால், அவையே தமிழின் பழைய சொல்வள ஒலிப்பாடங்கள்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

சொல்வளம் என்றதும் அரிய, கடினமான சொற்களைத் தேடி ஓடுவது நம்மிடையே உள்ள வழக்கம். போட்டித் தேர்வு நூல்களும் அதையே ஊக்குவிக்கின்றன. மொழியியல் ஆய்வு காட்டும் வழி வேறு.

வங்கத்தில் டாக்காவில் ஆசிரியப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்த பட்டியலை 1953-இல் வெளியிட்டார். உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல்களை வடிவமைத்த பட்டியல் அது. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் 2006-இல் இக்கணக்கை மேலும் துல்லியமாக்கினார். ஒரு சொல்லையும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களையும் சேர்த்து ஒரு 'சொற்குடும்பம்' என்று கொண்டால், முதல் ஆயிரம் குடும்பங்களே பேச்சிலும் எழுத்திலும் வரும் சொற்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நிரப்பிவிடுகின்றன. இரண்டாவது ஆயிரம், எழுத்தில் சுமார் 8 அல்லது 9 சதவீதத்தைச் சேர்க்கிறது. மூன்றாவது ஆயிரத்தின் பங்கு அதற்கும் குறைவு.

பொருளியல் மாணவர்களுக்கு இது பழகிய காட்சி. குறைந்து செல் பயன் விதி சொற்களுக்கும் பொருந்துகிறது. அரிய சொல் ஒன்றைக் கற்கச் செலவிடும் அதே உழைப்பை, அடிக்கடி வரும் சொல் ஒன்றில் செலவிட்டால் பன்மடங்கு பலன் கிட்டும். ஆகவே ஓர் ஒலிப்பாடத்தை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது கற்பிக்கும் சொற்கள் அன்றாடம் எவ்வளவு புழங்குகின்றன என்பதுதான்.

அதற்காக முதல் இரண்டாயிரத்தோடு நின்றுவிடவும் முடியாது. பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள, வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று நேஷன் கொண்டார். அதற்குப் பேச்சைக் கேட்க 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும், நூலோ நாளிதழோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும் தேவை என்பது அவருடைய கணக்கு. 98 சதவீதம் மிகையான எதிர்பார்ப்பாகத் தோன்றலாம். ஒருவர் நிமிடத்துக்கு 150 சொற்கள் பேசுவதாகக் கொள்வோம். கேட்பவருக்கு 95 சதவீதம் தெரிந்திருந்தால்கூட, நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொற்கள் தெரியாதவையாக வந்து மோதும். 98 சதவீதம் தெரிந்திருந்தால் அது மூன்றாகக் குறையும். படிப்பவர் தெரியாத சொல்லில் நின்று யோசிக்கலாம். கேட்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. அவர் யோசிப்பதற்குள் அடுத்த வாக்கியம் கடந்துவிடும்.

மறதியின் கணக்கு

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் கரைந்துபோயின. பொருளுள்ள சொற்கள் இவ்வளவு விரைவில் மறப்பதில்லை என்றாலும் போக்கு அதுவே. தொடக்கத்தில் மறதி வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தால், ஒவ்வொரு முறையும் மறதியின் வேகம் தணிகிறது.

இந்த உண்மையை ஒலிப்பாடமாக வடித்தவர் அமெரிக்க மொழியறிஞர் பால் பிம்ஸ்லர். 1967-இல் அவர் ஒரு நினைவு அட்டவணையை வெளியிட்டார். புதிய சொல்லை முதலில் 5 விநாடி கழித்தும், பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், ஒரு மணி நேரம், 5 மணி நேரம், ஒரு நாள், 5 நாள், 25 நாள் என்ற இடைவெளிகளிலும் கேட்க வேண்டும். அடுத்த முறைகள் 4 மாதத்திலும் 2 ஆண்டிலும் வரும். ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மறக்கப்போகும் தறுவாயில் சொல்லைத் தட்டி எழுப்புவதே இதன் உத்தி.

அவருடைய பாடங்களில் கவனிக்கத்தக்க இன்னொரு கூறு உண்டு. பாடம் கேள்வி கேட்கும். கேட்பவர் விடை சொல்வதற்கு மௌனமான இடைவெளி விடும். அதன் பிறகே சரியான விடையைச் சொல்லும். அந்தச் சில விநாடி மௌனத்தில்தான் உண்மையான கற்றல் நடக்கிறது. படித்ததையே மீண்டும் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்ட கால நினைவுக்கு உதவும் என்பதை ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வும் உறுதிப்படுத்தியது. திண்ணைப் பள்ளியின் ஒப்பித்தலும் இந்த அடிப்படையில் அமைந்ததே.

கேட்டால் மட்டும் போதுமா?

போதாது. ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, கதைகளைப் படித்தல், கேட்டுக்கொண்டே படித்தல், கேட்டல் மட்டும் என்ற மூன்று முறைகளை ஒப்பிட்டது. புதிய சொற்களை அறிவதில் கேட்டுக்கொண்டே படித்த முறை முன்னணியில் நின்றது. கேட்டல் மட்டும் என்ற முறை கடைசி இடத்தையே பெற்றது. தெரியாத மொழியின் ஒலியோட்டத்தில் ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெளிவாவதில்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

ஆகவே, வேறு வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிட்டால் சொற்கள் தாமாக வந்து சேரும் என்ற வாக்குறுதியை நம்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே கற்ற சொற்களைப் புதுப்பித்துக்கொள்ளப் பேருந்துப் பயணம் உதவும். புதிய சொற்களைக் கற்பதற்கு எழுத்துப் படியும், கேள்வியும், வாய்விட்டுச் சொல்லும் விடையும் தேவை.

வானொலி தந்த சான்றுகள்

ஒலிவழிக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வானொலி மூலம் ஆங்கிலம் கற்பிக்கும் பணியைப் பிபிசி 1943-இல் தொடங்கியது. அமெரிக்காவின் குரல் வானொலி 1959 அக்டோபரில் தொடங்கிய சிறப்பு ஆங்கில ஒலிபரப்பு, சுமார் 1,500 சொற்களை மட்டுமே பயன்படுத்தியது. சிறு வாக்கியங்களில், இயல்பான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் செய்தி வாசிக்கப்பட்டது. அலங்காரமற்ற, ஆனால் ஆழ்ந்து திட்டமிடப்பட்ட ஏற்பாடு அது.

நம்முடைய சூழலுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு கென்யா. அங்கு 1980 முதல் 1985 வரை, தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. நாள்தோறும் அரை மணி நேரப் பாடம். வானொலி கேள்வி கேட்டு நிறுத்தும். பிள்ளைகள் ஒருமித்து விடை சொல்வார்கள். வகுப்பாசிரியர் உடனிருந்து நெறிப்படுத்துவார். வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிட, குறிப்பாகக் கேட்டுப் புரிந்துகொள்வதில், வானொலிப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதற்கு முன்பு 1970-களில் நிகராகுவாவில் கணிதப் பாடத்துக்கு இதே முறை வெற்றி பெற்றிருந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆசிரியர் ஒவ்வொரு கிராமத்துக்கும் கிடைக்காத நிலையில், ஒரு நல்ல குரலை ஆயிரம் வகுப்பறைகளுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது.

சொல்வளமும் வருவாயும்

சொற்களைப் பெருக்கினால் பதவியும் பணமும் பெருகும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இதன் வேர் 1930-களின் அமெரிக்காவில் இருக்கிறது. ஜான்சன் ஓ'கானர் என்ற உளத்திறன் ஆய்வாளர், நிறுவனங்களில் உயர்பதவி வகிப்போரிடம் சொல்வளம் மிகுந்திருப்பதைக் கண்டு எழுதினார். இங்கே எச்சரிக்கை தேவை. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. நல்ல பள்ளி, படித்த பெற்றோர், நூல்கள் நிறைந்த வீடு ஆகியவை சொல்வளத்தையும் பதவியையும் ஒருசேரத் தந்திருக்கலாம்.

இந்தியாவைப் பொறுத்தவரை, மெஹ்தபுல் ஆசம், ஏமி சின், நிஷீத் பிரகாஷ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு நிதானமான விடை தருகிறது. கல்வி, வயது, சமூகப் பிரிவு, வாழிடம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் மணிநேர ஊதியம், அறவே பேசாதோரைவிடச் சராசரியாக 34% கூடுதல். ஓரளவு பேசுவோருக்கு 13% கூடுதல். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இளைய தலைமுறையினரில் கூடுதலாகக் கல்வி பெற்றவர்களுக்கே இந்த ஊதிய உயர்வு கிட்டுகிறது. ஆங்கிலம் கல்விக்கு மாற்றாகாது. கல்வியோடு சேரும்போதே அது பலன் தருகிறது. கல்வியை முடித்துவிட்டும் காது பழகாததால் அந்தப் பலனைக் கைநழுவ விடுவோரின் இழப்புதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

தனிமனித அளவில் கணக்கு எளிது. நாளுக்கு 5 புதிய சொற்கள், ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் 1,500 சொற்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 4,500. மூன்றில் ஒரு பங்கை மறந்தாலும் 3,000 எஞ்சும். பள்ளியிலிருந்து கொண்டுவந்த அடிப்படைச் சொற்கள் 2,000 இருந்தால், பட்டம் பெறும்போது கையில் 5,000 இருக்கும். பேச்சைத் தடையின்றிப் புரிந்துகொள்ளும் எல்லைக்கு அது வெகு அருகில். இதற்கு நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணியைப் பயன்படுத்தும் முறை முக்கியம். எழுத்துப் படியுடன் கிடைக்கும் ஒலிப்பதிவையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும். இரண்டாம் முறை பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். மூன்றாம் முறை மீண்டும் பார்க்காமல் கேட்க வேண்டும். புதிய சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதைக் கொண்டு சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். மறுநாள் புதிய பாடத்தைத் தொடங்குமுன் நேற்றைய சொற்களையும், ஐந்து நாட்களுக்கு முந்தைய சொற்களையும் நினைவுகூர வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவலாம்; பிள்ளையின் குரல் அந்த அரை மணியில் கேட்கிறதா என்று கவனித்தாலே போதும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காதிருந்தால் பாடம் நடக்கவில்லை என்று பொருள்.

தமிழுக்கும் இது பொருந்தும். நம் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. நல்ல உரைநடையைக் காதால் கேட்காமல் வளரும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் அயல்மொழிபோலத் தோன்றுகிறது. வானொலிச் செய்தியும் இலக்கியச் சொற்பொழிவும் ஒரு தலைமுறைக்குச் செய்த தொண்டை, இன்று ஒலிநூல்களும் வலையொலிகளும் செய்ய முடியும். தாய்மொழியில் ஒரு கருத்துக்குரிய சொல்லை அறிந்தவருக்கு, அயல்மொழியில் அதற்கு நிகரான சொல்லைக் கற்பதும் எளிது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒலிப்பாடத்துக்கான செலவு முழுவதும் அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஆயிரம் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். ஒருவர் கேட்பதால் மற்றவருக்குக் குறைவதும் இல்லை. பொருளியல் இத்தகையவற்றைப் பொதுப்பண்டம் என்கிறது. அவற்றைச் சந்தையிடம் மட்டும் விட்டால், பணம் கொடுக்க முடிந்தவர்களுக்கே அவை போய்ச் சேரும். தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா பண்பலை 2004-இலிருந்து சென்னையில் இயங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரையிலான ஆங்கிலப் பாடங்களை, நல்ல ஒலிப்புடைய நம் ஆசிரியர்களின் குரலில், விடை சொல்ல இடைவெளி விட்டு, பழைய சொற்கள் உரிய நாட்களில் திரும்ப வருமாறு பதிவு செய்து, எழுத்துப் படியோடு இலவசமாக வழங்கலாம். இணையம் எட்டாத இடங்களுக்கு அதே பதிவுகளை வானொலி கொண்டுசேர்க்கும்.

தேர்வு முறையும் மாற வேண்டும். மொழிப்பாடத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனுக்கு உரிய மதிப்பெண் இல்லாதவரை, எந்தப் பள்ளியும் அதற்கு நேரம் ஒதுக்காது. பத்து மதிப்பெண்ணாவது அதற்கென்று ஒதுக்கினால், அடுத்த கல்வியாண்டிலேயே வகுப்பறைகளில் பிள்ளைகள் கேட்கவும் விடை சொல்லவும் தொடங்கிவிடுவார்கள்.